பழைய பொருளில் பயணச் செலவு



இன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். நோட்டும் பென்சிலும் மட்டும் கையில் இருக்கட்டும். கணக்கு வரும்.

ஐதராபாத்தில் பிழைக்க வந்த நமக்கு ஒரு பொதுக் கவலை உண்டு. ஊருக்குப் போய்வர வேண்டும். அம்மாவைப் பார்க்க வேண்டும். தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் உறவு விட்டுப் போகும். போனால் செலவு. டிக்கெட் மட்டுமா? வழியில் சாப்பாடு, பஸ், வெறுங்கையோடு போக முடியாது என்று ஒரு சேலை, பிள்ளைகளுக்குத் தின்பண்டம். சம்பளத்தில் மிச்சம் பிடிக்க முடியவில்லை என்றால் என்ன செய்கிறோம்? வட்டிக்கு வாங்குகிறோம்.

எழுதுங்கள். 7,000 ரூபாய் கடன். பத்து வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் 10 ரூபாய். ஒரு மாத வட்டி 700 ரூபாய். ஏழு மாதம் கட்டினால் 4,900 ரூபாய். அசல்? அந்த 7,000 அப்படியே நிற்கிறது. ஊருக்குப் போய்வந்தது நாலு நாள். கட்டுவது எத்தனை மாதமோ!

நம் மையத்தில் படிக்கும் ஓர் அக்கா இந்த வழியில் போகவில்லை. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வீட்டு வேலை செய்கிறவர். ஊர் சேலம் பக்கம் ஒரு கிராமம். அங்கே அவருடைய அம்மா இருக்கிறார். கண் மங்கிக்கொண்டே வருகிறது. "முழுசா மறையறதுக்குள்ள உன் முகத்தையும் பேத்தி முகத்தையும் பார்த்துக்கிறேன்" என்று போனில் சொன்னாராம். அக்கா ஆறு வருடமாக ஊருக்குப் போகவில்லை. மகளையும் கூட்டிப்போய் வர, எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய் என்று கணக்குப் போட்டார். கடன் வாங்கவில்லை. பழைய பொருள் வாங்கி விற்றார்.

பழைய பொருள் வியாபாரம் நமக்குப் புதிதல்ல. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, நினைவிருக்கிறதா? பழைய துணி போட்டால் எவர்சில்வர் பாத்திரம் தருகிற பெண்களும் வருவார்கள். அந்தத் துணி எங்கே போகிறது? துவைத்து, கிழிசல் தைத்து, பழைய துணிச் சந்தைக்குப் போகிறது. டில்லியில் ரகுபீர் நகர் என்ற இடத்தில் இதற்கென்றே விடியற்காலையில் ஒரு பெரிய சந்தை கூடுகிறது. சென்னையில் மூர் மார்க்கெட் பழைய புத்தகத்துக்கும் பழைய சாமானுக்கும் பேர்போனது. 1985-ல் அது எரிந்து போனது. எரிந்தாலும் வியாபாரம் சாகவில்லை, இடம் மாறியது. வெளிநாட்டிலும் இது உண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு ஊரில் 1947-ல் ஆக்ஸ்பாம் என்ற அமைப்பு ஒரு கடை திறந்தது. மக்கள் இனாமாகக் கொடுத்த பழைய பொருளை விற்று, அந்தப் பணத்தில் ஏழைகளுக்கு உதவினார்கள். இன்று அது மாதிரிக் கடைகளில் மலிவாக வாங்கி, கூடுதல் விலைக்கு விற்று, அந்த லாபத்தில் ஊர் சுற்றிப் பார்க்கிற இளைஞர்களும் உண்டு.

நம் ஐதராபாத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை எர்ரகட்டாவில் சாலையோரம் சந்தை கூடும். மெட்ரோ நிலையம் இருக்கிற அதே எர்ரகட்டாதான். பழைய துணி, செருப்பு, மிக்சி, ஸ்பானர், கடிகாரம், என்ன இல்லை? அதே ஞாயிறு அன்று அபிட்ஸில் கடைகள் மூடியிருக்கும். அந்த நடைபாதை முழுக்கப் பழைய புத்தகம் விரித்திருப்பார்கள். ஜும்மேராத் பஜார் என்று இன்னொன்று இருக்கிறது. ஜும்மேராத் என்றால் உருது மொழியில் வியாழக்கிழமை. அன்றுதான் சந்தை. அதைச் சோர் பஜார் என்றும் சொல்வார்கள். சோர் என்றால் திருடன். அந்தப் பெயரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெண்களுக்கு ஒரு வசதி. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் சாதாரண பஸ்ஸிலும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலும் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். இந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஆகவே சந்தைக்குப் போகிற செலவு இல்லை. அண்ணன்மார்கள் பஸ் காசையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்!

அக்கா 500 ரூபாய் முதலோடு மே மாதம் தொடங்கினார். முதல் ஞாயிறு ஒரு குக்கர் வாங்கினார். விலை 180 ரூபாய். கேஸ்கட்டும் சேப்டி வால்வும் புதிதாகப் போட 140 ரூபாய். புளியும் சபீனாவும் 10 ரூபாய். மொத்தம் 330. பக்கத்துத் தெருவில் 650 ரூபாய்க்கு விற்றார். மீதி எவ்வளவு? 320. சரிதானே?

அடுத்த வாரம் அபிட்ஸில் ஐந்து புத்தகம், 250 ரூபாய். நாலு புத்தகம் 480-க்கு விற்றது. ஒன்று நின்றுவிட்டது. லாபம் 230. மூன்றாவது வாரம் ஓர் இஸ்திரிப் பெட்டி 150. புது ஒயரும் பிளக்கும் 90. விற்றது 400. லாபம் 160. நாலாவது வாரம் ஆறு பேண்ட், ஒன்று 40 ரூபாய் வீதம் 240. ஜிப், பட்டன், சோப்பு 80. ஐந்து பேண்ட் 120 வீதம் 600-க்குப் போனது. ஆறாவதைத் தன் மகனுக்கு வைத்துக்கொண்டார். லாபம் 280.

கூட்டுங்கள். 320, 230, 160, 280. ஆக மொத்தம் 990 ரூபாய். முதல் மாதத்துக்கு இது நல்ல தொகை. ஆனால் எல்லா மாதமும் இப்படி வரவில்லை. ஜூலையில் மழை. இரண்டு ஞாயிறு சந்தையே கூடவில்லை. அந்த மாதம் 620-தான். விட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டார். "நோட்டைப் பாருங்கக்கா, நஷ்டம் எங்கே இருக்கு?" என்றேன். நஷ்டம் இல்லை, லாபம்தான் குறைவு. தொடர்ந்தார். நவம்பர் முடிவில், ஏழு மாதத்தில், 7,210 ரூபாய் சேர்ந்தது.

நின்றுபோன அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஆறாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகம். பழைய பாடத்திட்டம். 2024-ல் மூன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் புத்தகம் மாறிவிட்டது. 2025-ல் 4, 5, 7, 8 வகுப்புகளுக்கும் மாறியது. பழையதை யார் வாங்குவார்கள்? புத்தகம் வாங்கும்போது முதல் பக்கத்தைத் திருப்பி, அச்சிட்ட ஆண்டைப் படியுங்கள். நாலு இலக்கம்தானே, நமக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே! அகராதி, கதைப் புத்தகம், கோலப் புத்தகம் இவற்றுக்கு ஆண்டு பார்க்க வேண்டியதில்லை.

குக்கர் வாங்கினால் அடிப்பாகத்தைத் தரையில் வைத்துப் பாருங்கள். உப்பியிருந்தால், ஆடினால் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ்கட் மாற்றாமல், வால்வு மாற்றாமல் யாருக்கும் விற்காதீர்கள். வெடித்தால் உயிர் போகும். மின்சாரப் பொருளை அங்கேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒயரில் டேப் சுற்றியிருந்தால் புது ஒயர் போடுங்கள். ஹெல்மெட் வாங்கவே வேண்டாம். ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும், உள்ளே நொறுங்கியிருக்கும். துணியைச் சுடுதண்ணீரில் போட்டு, நல்ல வெயிலில் காயவைத்த பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பழைய பட்டுச்சேலை கிடைத்தால் அவசரப்பட்டு விற்காதீர்கள். ஜரிகையில் வெள்ளி இருக்கலாம். இரண்டு கடையில் காட்டி விலை கேளுங்கள்.

இனி அந்தத் திருடன் பேச்சு. சந்தையில் விற்கிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல உழைக்கிறவர்கள். ஆனால் திருட்டுப் பொருளும் வந்து கலக்கும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் வாங்கியவர் மேலும் வழக்கு வரும். பாரதிய நியாய சம்ஹிதா என்ற புதிய சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 317-வது பிரிவு இதைச் சொல்கிறது. மூன்று வருடம் வரை சிறை கிடைக்கலாம். பத்தாயிரம் ரூபாய் பொருளை ஒருவர் ஐந்நூறுக்கு நீட்டினால், சந்தோஷப்படாமல் நகர்ந்துவிடுங்கள். செல்போன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. வாங்கியே ஆக வேண்டும் என்றால், அந்தப் போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தை எழுதி, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணை எழுதி 14422-க்குச் செய்தி அனுப்புங்கள். போனின் நிலவரம் பதிலாக வரும். தடை செய்த போன் என்றால் தெரிந்துவிடும்.

போன வாரம் ஓர் அம்மா நல்ல கேள்வி கேட்டார். "180-க்கு வாங்கி 650-க்கு விற்கிறது பாவம் இல்லையா?" நானும் யோசித்தேன். கேஸ்கட் போட்டது யார்? ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கரி தேய்த்தது யார்? அதற்குக் கூலி உண்டு. பழையது என்று சொல்லி விற்றால் அதில் பாவம் இல்லை. புதுசு என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று. ஆனால் ஒன்று. வெயிலில் உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் 40 ரூபாய்ப் பொருளை 10 ரூபாய்க்குக் கேட்டு நச்சரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவரும் சாயங்காலம் அரிசி வாங்கிக்கொண்டு போக வேண்டியவர். போணி ஆகாத நேரத்தில் அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள்.

கடன் சொல்லி வாங்குகிறவர்களும் வருவார்கள். தெரிந்தவர்கள், மறுக்க முடியாது. பெயர், பொருள், தொகை, தேதி நாலையும் அவர்கள் முன்னாலேயே நோட்டில் எழுதுங்கள். எழுதுகிறதைப் பார்த்தாலே பாதிப் பேர் சீக்கிரம் கொடுத்துவிடுகிறார்கள்!

சேர்ந்த பணத்தை எங்கே வைப்பது? அரிசிப் பானையில் வைத்தால் யார் கை படும் என்று உங்களுக்கே தெரியும். அக்கா தபால் நிலையத்தில் தன் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கினார். 500 ரூபாய் போதும். படிவத்தில் தானே கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்து என்றதும் ஒரு பழைய செய்தி சொல்கிறேன். குஜராத்தில் அகமதாபாத் நகரம். 1971. மூட்டை சுமக்கிற பெண்கள் தங்கள் குறையைச் சொல்ல இலா பட் என்ற அம்மையாரிடம் வந்தார்கள். பின்னால் பழைய துணி விற்கிற பெண்களும் வந்தார்கள். வீடு வீடாகப் பாத்திரம் கொடுத்துத் துணி வாங்கி விற்றவர்கள். வட்டிக்காரரிடம் மாட்டித் தவித்தவர்கள். இவர்கள் எல்லாம் சேர்ந்து சேவா என்ற சங்கம் அமைத்தார்கள். 1972-ல் அது பதிவானது. பிறகு ஒரு கூட்டத்தில், பழைய துணி விற்கிற சந்தாபென் என்ற பெண் எழுந்தார். நமக்கென்று ஒரு வங்கி ஏன் வைக்கக்கூடாது என்று கேட்டார். நம்மிடம் பணம் ஏது என்றார் இலா பட். நாம் ஏழைகள்தான், ஆனால் எத்தனை பேர் இருக்கிறோம் என்று பதில் வந்தது. 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டார்கள். பெருக்கிப் பாருங்கள், 40,000 ரூபாய். 1974-ல் வங்கி வந்தது. பதிவு செய்கிற நாளுக்கு முந்தைய இரவு, எழுதத் தெரியாத பெண்கள் விடிய விடிய உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்களாம். இலா பட் 2022-ல் காலமானார். அந்த வங்கி இருக்கிறது.

அக்காவின் பயணத்துக்கு வருவோம். ரயில் டிக்கெட்டை 60 நாள் முன்பே பதிவு செய்யலாம். 2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது, இப்போது குறைத்துவிட்டார்கள். பொங்கல் சமயம் கூட்டம் அதிகம் என்பதால் அக்கா நவம்பரிலேயே போனார். படிவத்தில் வண்டி எண், தேதி, ஏறும் இடம், இறங்கும் இடம், பெயர், வயது எல்லாம் எழுத வேண்டும். ஒரு படிவத்தில் ஆறு பேர் வரை எழுதலாம். அக்கா இரண்டு பேர் எழுதினார். மகள் நிரப்பித் தருகிறேன் என்றாளாம். கொடுக்கவில்லை. சபரி எக்ஸ்பிரஸில் சேலம் வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்தார்கள். பேத்தியின் முகத்தை அந்த அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கிட்ட வைத்துப் பார்த்தாராம். அரசு ஆஸ்பத்திரியில் காட்டியபோது, கண்புரைதான், அறுவை செய்யலாம் என்று சொன்னார்கள். அறுவைக்குத் துணையாக இருக்க அக்கா மறுபடி போக வேண்டும். அதனால் இந்த மாதம் நோட்டில் புதுப் பக்கம் திருப்பியிருக்கிறார்.

வருகிற ஞாயிறு அபிட்ஸுக்குப் போகிறோம். வர விரும்புகிறவர்கள் காலை 8 மணிக்கு இங்கே வந்துவிடுங்கள். பெண்கள் ஆதார் அட்டையை மறக்க வேண்டாம். 300 ரூபாய்க்கு மேல் கொண்டுவராதீர்கள். ஒரு துணிப்பை, ஒரு பென்சில். இப்போது நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: வாங்கிய விலை, சரிசெய்த செலவு, பஸ் காசு, விற்ற விலை, மீதி.