பழைய எஃப்ஐ வண்டியும் பழுது காணும் கலையும்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஃபியூயல் இன்ஜெக்ஷன் (எஃப்ஐ) மோட்டார் சைக்கிளில் கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பற்றி இன்று பேசப் போகிறேன். ரிப்பேர் பார்ப்பது அதற்கு அடுத்த கட்டம். அதற்குக் கை போதும். கண்டுபிடிப்பதற்குப் பொறுமை வேண்டும், சந்தேகப்படத் தெரிய வேண்டும், இன்ஜின் எப்படி யோசிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் கார்புரேட்டர் ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. ஆனால் அதற்கு வெகு முன்பே ஒரு தலைமுறை எஃப்ஐ வண்டிகள் நம் சாலைக்கு வந்துவிட்டன. 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ, 2008-ல் யமஹா ஆர்15, 2011-ல் ஹோண்டா சிபிஆர் 250ஆர். இன்று இவை இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி, கல்லூரிப் பையன்களிடமும் ஆசையாய் வைத்துப் பராமரிப்பவர்களிடமும் இருக்கின்றன. புது வண்டிகளுக்கான ஸ்கேனர் பல நேரம் இவற்றோடு பேசாது. இந்த வண்டிகளுக்கு என்று தனியாக ஒரு விளக்கு மொழி இருக்கிறது.

சிபிஆர் 250ஆரை எடுத்துக்கொள்வோம். கோளாறு என்றால் மீட்டரில் செக் லைட் சிமிட்டும். நீளமாக ஒரு முறை எரிந்தால் பத்து, குட்டையாக ஒரு முறை எரிந்தால் ஒன்று. நீளம் இரண்டு, குட்டை ஒன்று என்றால் 21. ஆக்சிஜன் சென்சார் பக்கம் ஏதோ சரியில்லை. ஒரே ஒரு குட்டை என்றால் இன்டேக் காற்றழுத்த சென்சார். ஏழு என்றால் கூலன்ட் வெப்ப சென்சார், எட்டு என்றால் திராட்டில் சென்சார்.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஏழு சிமிட்டியதா, வாங்கு புது வெப்ப சென்சார். மாட்டினால் விளக்கு அணையும், இரண்டு நாளில் திரும்ப எரியும். ஏன்? வண்டியின் கணினிப் பெட்டிக்கு, அதாவது ஈசியுவுக்கு, சென்சாரைக் கண்ணால் பார்க்கத் தெரியாது. ஒரு ஒயரில் வரும் வோல்டேஜ் மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த வோல்டேஜ் வரம்பு தாண்டினால் விளக்கைப் போடும். சென்சார் செத்தாலும் அப்படித்தான், ஒயர் உள்ளே அறுந்தாலும் அப்படித்தான், ஒயர்கள் சேரும் கப்ளருக்குள் தண்ணீர் இறங்கிப் பச்சைக் களிம்பு பூத்தாலும் அப்படித்தான். புகார் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதை அந்த எண் சொல்லும். எந்த வீடு என்று நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

வேலை தெரிந்த மெக்கானிக் இதை எப்படிப் பார்ப்பார் என்று சொல்கிறேன். முதலில் பேட்டரி. நிற்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது பதினான்கை ஒட்டியும் இருக்கிறதா? அடுத்து எர்த் ஒயர், துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றி உரசி மாட்டுவார். பிறகுதான் அந்தக் கப்ளரைக் கழற்றுவார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். உள்ளே உள்ள பெண் பின் அகன்று தளர்ந்திருக்கிறதா என்று ஒரு மெல்லிய ஆண் பின்னைச் செருகி இழுத்துப் பார்ப்பார். இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். சும்மா வழுக்கி வந்தால் கோளாறு பாதி அங்கேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் சென்சார். வெப்ப சென்சாருக்குள் இருப்பது சூடேற ஏற மின்தடை குறையும் ஒரு பொருள். 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓமை ஒட்டி இருக்கும்; 80 டிகிரியில் முந்நூறு ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர், அதில் ஒரு தெர்மாமீட்டர், சென்சாரின் நுனி மட்டும் முங்கும்படி ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டால் போதும். தண்ணீர் சூடாக ஆக எண் ஒரே சீராக இறங்க வேண்டும். நடுவில் எங்காவது துள்ளினால் சென்சார் போயிற்று. சீராக இறங்கினால் அதைக் குறை சொல்லாதீர்கள். ஒயரைத் தொடர்ந்து போங்கள். ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் மடங்கி மடங்கி, மேல் உறை நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். மீட்டரை மாட்டிவிட்டு ஹேண்டிலை இடது வலது திருப்பினால் எண் தாவுவது தெரியும். இந்தச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

இதுவரை சொன்னது விளக்கு எரியும் கோளாறு. கலை என்று நான் சொன்னதன் முழு அர்த்தமும் விளக்கு எரியாத கோளாறில்தான் இருக்கிறது.

வெப்ப சென்சார் முழுதாகச் சாகாமல், இன்ஜின் சூடாக இருக்கும்போதும் குளிர்ச்சி என்று சொல்லிக்கொண்டிருந்தால்? வோல்டேஜ் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஈசியு அதை அப்படியே நம்பி பெட்ரோலை அதிகம் ஊற்றும். மைலேஜ் குறையும், பிளக் கரி பிடிக்கும், புகையில் பெட்ரோல் வாடை வரும். விளக்கு மட்டும் எரியாது. இதைப் பிடிக்க ஒரு அருமையான வழி உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், கூலன்ட் வெப்ப சென்சாரும் உள்ளே வரும் காற்றின் வெப்ப சென்சாரும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தைச் சொல்ல வேண்டும். வண்டி நின்ற இடத்தின் வெப்பம் அது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

காற்றழுத்த சென்சாருக்கும் இதே போல. சாவி போட்டு, இன்ஜின் ஓடாத நேரத்தில் அது வெளிக் காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். சென்னைக் கடற்கரையில் 101 கிலோ பாஸ்கல் அளவு. அதே வண்டி ஊட்டியில் நின்றால் 77, 78 என்று இறங்க வேண்டும். காசு செலவில்லாமல் இயற்கையே தரும் அளவுகோல் இது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இன்னொரு வகை இதைவிட நுட்பமானது. சென்சார் உண்மையைச் சொல்கிறது, இன்ஜின்தான் சரியில்லை. வால்வு இடைவெளி இறுகிப்போய், வால்வு முழுதாக மூடாமல் இருந்தால், ஐடிலிங்கில் இன்டேக் பக்கம் உறிஞ்சும் வேகம் குறையும். அழுத்த சென்சார் அதை உள்ளபடி அதிக அழுத்தம் என்று சொல்லும். ஈசியு அதிகப் பெட்ரோல் கொடுக்கும். வண்டி திணறும். பார்ப்பவர் அழுத்த சென்சார் போச்சு என்பார். திராட்டில் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஐடிலிங் தானாக ஏறும், இறங்கும். ரப்பரின் மேல் தண்ணீரைத் தூவிப் பார்த்தால் ஓட்டம் மாறும். சிலர் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ அடித்துப் பார்க்கிறார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீ வைக்கும் வேலை, தயவுசெய்து வேண்டாம். இன்ஜின் கோளாறே இப்படிச் சென்சார் கோளாறு போலத் தெரியும் என்பதால்தான் நல்ல மெக்கானிக் சென்சாரைத் தொடுவதற்கு முன்பே கம்ப்ரெஷனையும் வால்வையும் பார்த்துவிடுவார். மின்சாரக் கோளாறு என்று வரும் வண்டிக்கு வால்வு இடைவெளி பார்க்க ஃபீலர் கேஜ் எடுக்கும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

சூடானால் நின்றுவிடும் வண்டி தனி ரகம். அரை மணி நேரம் ஓடும், சிக்னலில் செத்துவிடும், இருபது நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேரும்போது ஆறியிருக்கும். அங்கே என்ன சோதித்தாலும் எல்லாம் சரி என்றுதான் வரும். நான் முதலில் சந்தேகப்படுவது கிராங்க் பக்கம் இருக்கும் பல்சர் காயில். சூட்டில் உள்ளே மெல்லிய கம்பி விரிந்து தொடர்பு விட்டுப்போகும். ஆறிய நிலையில் மின்தடையை அளந்து குறித்துவைத்து, முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றி மறுபடி அளந்தால் பல நேரம் அகப்பட்டுவிடும். அங்கே இல்லையென்றால் பெட்ரோல் பம்ப். சாவி போட்டதும் டேங்கிலிருந்து இரண்டு விநாடி ரீங்காரம் கேட்க வேண்டும். சத்தம் கேட்டால் மட்டும் போதாது, அழுத்தமும் வர வேண்டும். சிபிஆர் 250ஆருக்கு 3 பார் அளவு. ஃபில்டர் அடைத்த பம்ப் சத்தம் போட்டுக்கொண்டே பட்டினி போடும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025-ல் நாடெங்கும் இருபது விழுக்காடு எத்தனால் கலப்பு வந்துவிட்டது. இந்தப் பழைய வண்டிகள் அதை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கலாம், துரு பம்ப் வலையில் ஏறலாம். பழைய ரப்பர் ஹோஸ்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்துப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

என்னை வருத்துவது ஒன்றே ஒன்று. பாகத்தை மாற்றிக்கொண்டே போய், எதிலாவது சரியானால் அதையே கண்டுபிடித்ததாகச் சொல்லும் பழக்கம். இதில் வாடிக்கையாளரின் பங்கும் இருக்கிறது. நாலாயிரம் ரூபாய் சென்சாருக்குக் கொடுப்பவர், இரண்டு மணி நேரம் மீட்டரோடு உட்கார்ந்து ஒரு தளர்ந்த பின்னைக் கண்டுபிடித்தவருக்கு இருநூறு ரூபாய் கொடுக்க யோசிக்கிறார். ஒன்றும் மாற்றவில்லையே என்கிறார். அப்படிக் கேட்டால் அந்த மெக்கானிக்கும் அடுத்த முறை சென்சாரை மாற்றத்தான் செய்வார்.

அதனால் வண்டியை விடும்போது, பார்ப்பதற்கான கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: கோளாறு காலையில் வருகிறதா, சூடானபின் வருகிறதா? எந்த வேகத்தில்? மழையில் நனைந்த பிறகா? பெட்ரோல் போட்ட பிறகா? விளக்கு எத்தனை முறை சிமிட்டியது? முடிந்தால் அந்தச் சிமிட்டலை ஃபோனில் படம் பிடித்து வையுங்கள். பிறகு அது திரும்ப வராமலும் போகலாம்.