வானத்தை விற்றவர்கள்

தோப்பு தன்னுடையது, பழம் பறிக்க உரிமையில்லை! கேட்டதுண்டா இந்த விந்தையை? அமெரிக்காவின் புளோரிடாவில் ஹோவி நிறுவனம் ஆரஞ்சுத் தோப்பைத் துண்டு துண்டாக்கி விற்றது. வாங்கியோரில் பெரும்பாலோர் வெளிமாநிலத்தார், உழவறியாதவர். பத்திரம் அவர்கள் பெயரில்! பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டாலோ, 10 ஆண்டுகளுக்குப் பயிரிடுவதும் பறிப்பதும் விற்பதும் சகோதர நிறுவனம்!

“விற்றது நிலம், பங்குப் பத்திரமல்ல” என்றனர். வாகான வாதந்தான்! 1946-ல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. பிறர் உழைப்பால் விளையும் இலாபத்தை நம்பிப் பொதுத் தொழிலிலே போடும் பணம் முதலீடே என்றது. மோசடி நடந்ததா என்பதல்ல அங்கே வழக்கு. பதிவு செய்யாமல் விற்றதே தவறு.

அந்த அளவுகோலை மத்திய சட்டத்துக்குத் தந்தவை மாநிலங்கள், தோழர்களே! 1911-ல் கான்சாஸ் மாநிலம், “கணக்கைக் காட்டு, அனுமதி பெறு, பிறகு விற்பனை செய்” என்றது. நீலவானச் சட்டம் என்று பெயர். வானத்தையே கூறுபோட்டு விற்கும் வஞ்சகர் இருந்தனரல்லவா! மாநிலத்துக்கு ஏது இந்த அதிகாரம் என்று இத்தகைய சட்டங்களை எதிர்த்து வழக்காடினர். 1917-ல் உச்சநீதிமன்றம், உண்டு என்றது.

1996-ல் மத்திய சட்டம் பதிவு அதிகாரத்தில் பெரும்பகுதியைப் பறித்துக்கொண்டது. கட்டடத்துக்கென்று பணந்திரட்டும் கூட்டுகள் பலவும் அதிலே நழுவின. மோசடியை விசாரித்து வழக்குத் தொடுக்கும் உரிமையோ இன்றும் மாநிலங்களின் கையில்.