கடம்பவனத்து நிழல்

மதுரைக்குக் கடம்பவனம் என்றும் பெயருண்டு. மீனாட்சியம்மன் கோயிலின் தலமரமும் கடம்பே. எனினும், வீதியில் ஒரு கடம்பைக் காட்டச் சொன்னால் நம்மில் பலர் விழிப்போம்!

மரம் தருவது நிழல் மாத்திரமன்று. வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக்குகின்றன. அதற்கு வேண்டிய வெப்பம் சுற்றியுள்ள காற்றினின்று எடுக்கப்படுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே. தாரும் சிமெண்டுமோ பகல் வெயிலைச் சேமித்து இரவில் உமிழ்கின்றன. சித்திரைத் திருவிழாவில் வெறுங்காலுடன் நின்றவர்க்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை.

சாலையை அகலமாக்க முதிய புளியமரத்தை வெட்டுவோர், ஈடாகப் பத்துக் கன்று நடுவதாகச் சொல்வர். இலைகளை எண்ணிப் பாருங்கள், கணக்கு ஒத்துவராது. கன்று மரமாகும்வரை அவ்வெயிலில் நடப்போர் பள்ளிப் பிள்ளைகளே.

மேலூரருகே அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று. 2024இல் அப்பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் போயிற்று, ஊரார் எதிர்த்தனர், 2025 சனவரியில் ஏலம் ரத்தாயிற்று. அவ்வூராரைப்போல் வீதியோரப் புளியமரத்துக்காகக் கூடிய நகரத்தாரை நான் இதுவரை கண்டதில்லை.