அஞ்சலட்டையில் வந்த எச்சரிக்கை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையிலிருந்து)

சாப்பாட்டு நேரத்தில் வாந்தி பேதியைப் பற்றிப் பேசுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்!

ஒரே தெருவில் ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை. ஒருவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். மற்ற இருவர் வெவ்வேறு கிளினிக்குக்கு. ஆளுக்கு ஒரு நோயாளியைத்தான் டாக்டர்கள் பார்த்தார்கள். தெருவில் நோய் பரவுவது யாருக்குத் தெரியும்?

இதற்கு வழி கண்டது நம்ம வட ஆற்காடு மாவட்டம். 1980-களில் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் குழுவினர், 'நதி' என்ற சுருக்கப் பெயரில் ஒரு திட்டம் நடத்தினார்கள். அரசு, தனியார் டாக்டர்கள் கையில் அச்சடித்த அஞ்சலட்டை. குறிப்பிட்ட நோயைப் பார்த்தால் எழுதித் தபாலில் போட்டால் போதும். அட்டைகள் ஓரிடத்தில் சேர்ந்ததும் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். மாதம் ஒரு செய்தி மடல் டாக்டர்களுக்குத் திரும்பி வரும். எனக்குக் கேட்டால் திட்டத்தின் உயிரே அந்த மடல்தான். எழுதிப் போட்டது என்னாச்சு என்றே தெரியாவிட்டால் அடுத்த மாதம் எவர் எழுதுவார்? 2004-இல் மத்திய அரசு நாடு தழுவிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இப்போது அட்டை போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

ஏன் இவ்வளவு அவசரம் என்கிறீர்களா? உடைந்த குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தால் பேதி ஓரிரு நாளில் வந்துவிடும். ஹெபடைடிஸ் ஏ காமாலையோ 15 முதல் 50 நாள் கழித்து வரும். அப்போது தண்ணீரைச் சோதித்தால் சுத்தமாகக்கூட இருக்கும்! ஆகவே பேதி வந்த வாரமே குழாயைத் தோண்ட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் ஈ என்றால் கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்து.

எனக்குத் தெரிந்த ஒரு கிளினிக்கில், "வைத்தியம் பார்க்கிறதுதான் எங்க வேலை, ரிப்போர்ட் எழுதறது இல்லை" என்றார்கள். அதற்குள் அடுத்த தெருவிலும் பேதி.

நம் நண்பர்களில் மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் பலர். ஒரே தெருக்காரர்கள் வரிசையாக ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கேட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள். லேப் முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகமே போதும், சோதித்துப் பார்ப்பது அவர்கள் பொறுப்பு.