பெயர் ஒன்று, பதிப்பு வேறு

டெல்லிவாழ் தமிழருக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. கறிவேப்பிலைக்கும் புழுங்கலரிசிக்கும் நாம் நாடிச் செல்லும் இடம் அது. அங்கே கிலோ என்றால் எந்தக் கடையிலும் ஒரே அளவுதான். நம் முன்னோர் காலத்திலோ ‘படி’ என்னும் பெயர் ஒன்றாயிருந்தும் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்த பின்னரே அக்குழப்பம் தீரத் தொடங்கிற்று.

கணினி உலகில் அத்தகைய குழப்பம் இன்றும் உண்டு. கடைக்காரர் தம் கணக்கையும், நாம் நம் பெற்றோரின் படங்களையும் கணினியில் வைத்திருக்கிறோம். அவற்றுக்கு நாள்தோறும் காப்புநகல் எடுக்கும் மென்பொருள்களுள் சில, கோப்புகளை மூட்டை கட்டும் வேலையை ‘டார்’ என்னும் வேறொரு கருவியிடம் ஒப்படைக்கின்றன. ‘அமாண்டா’ என்னும் மென்பொருள் அத்தகையது. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது ஜி.என்.யு. டார், மேக் கணினியிலோ அதே பெயரில் இருப்பது வேறொரு கருவி.

ஜி.என்.யு. டார் தன் வேலை முடிந்ததும் ஓர் எண்ணைத் தெரிவிக்கும். 0 என்றால் நலம். 2 என்றால் பெரும்பிழை. 2006-இல் வந்த 1.16-ஆம் பதிப்பு முதல், மூட்டை கட்டும்போதே ஒரு கோப்பு மாறிவிடின் 1 எனத் தெரிவிக்கும். இந்த 1-இன் பொருளை அறியாத மென்பொருள் நல்ல மூட்டையையும் பழுதென்று தள்ளிவிடும். அதனால் சலிப்புற்று, எந்த எண் வந்தாலும் பொருட்படுத்தாதே என்று கட்டளையிட்டால், மெய்யான பழுதும் மறைந்துபோகும். வட்டு கெட்ட நாளில்தான் உண்மை வெளிப்படும்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. கருவியைப் புதுப்பித்தபின் காப்புநகல் தவறினால், முதலில் அதன் பதிப்பு எண்ணைக் கேட்டறிதல் வேண்டும். எண்ணோடு நில்லாமல், எந்தக் கோப்பு மாறியது என்னும் அறிக்கையையும் படித்தல் வேண்டும். கணக்கு மென்பொருளை மூடிவிட்டு நகல் எடுத்தல் நன்று. பதிப்பு மாறியதும் முழு நகல் ஒன்றைப் புதிதாக எடுத்து, அதை வேறோர் இடத்தில் பிரித்துத் திறந்து பார்த்தல் வேண்டும். அதுவரை பழைய நகலை அழித்தல் ஆகாது.

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்த நமக்குப் பழைய படங்களே பிறந்த வீட்டின் சாட்சி. மூட்டை கட்டியாயிற்று என்ற சொல்லை நம்பி அமையாமல், அவிழ்த்துப் பார்த்து அமைதி கொள்வோமாக.