ஆச்சியின் பாட்டும் பேரனின் கிடாரும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

‘இன்றைய இளைஞரும் புதிய இசையும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். நாம் இசை கற்றவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகூறி, இரயில்வே அலுவலகத்தில் பேரேடும் கோப்புமாகக் காலம் கழித்து வருகிறோம். எனினும் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் எவரும் இப்பொருளில் ஓரளவு பயிற்சி பெற்றே தீரவேண்டியிருக்கிறது. அந்தத் தகுதி ஒன்றையே துணையாகக் கொண்டு இம்மேடையில் நிற்கிறோம்.

இத்தலைப்பு எழுந்த காரணம் உங்களுக்குத் தெரியும். கிடாரும் டிரம்மும் வைத்துப் பாடுவதற்கு இவ்விழாவில் அரைமணி நேரம் வேண்டுமென்று இளைஞர் சிலர் செயற்குழுவைக் கேட்டனர். “தமிழ்ச் சங்கத்து மேடையில் ராக் இசைக்கு என்ன வேலை?” என்றனர் பெரியோர் சிலர். “இடம் மறுத்தால் பிள்ளைகள் சங்கத்துப் பக்கமே தலைகாட்டமாட்டார்கள்” என்றனர் வேறு சிலர். முடிவு அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த முடிவுக்குத் துணையாகச் சில செய்திகளை உங்கள் முன் வைப்பதே நமது நோக்கம்.

முதலில், பிள்ளைகள் கேட்பது யாது? சினிமாவைச் சாராமல், பாடுவோர் தாமே எழுதி, தாமே இசையமைத்து, தாமே வெளியிடும் பாட்டு அது. ‘இண்டி’ என்று அதனைச் சொல்கிறார்கள். தனித்து நிற்பது என்பது கருத்து. நம் இளமையில் சினிமாப் பாட்டல்லாத கேசட் என்றால் பெரும்பாலும் பக்திப் பாட்டுத்தான். 1997இல் ஏ. ஆர். ரகுமானின் ‘வந்தே மாதரம்’ வெளிவந்தபோது, படம் இல்லாமலும் ஒரு பாட்டுத் தொகுப்பு ஊரெங்கும் ஒலிக்கக்கூடும் என்று கண்டு நாம் வியந்தோம். அன்று கேசட்டுக் கடைக்கு நகரத்துக்குப் பஸ் ஏறினோம். இன்றோ செல்போனிலேயே பாட்டு வந்து இறங்குகிறது. 2015 முதல் உலகமெங்கும் புதிய இசைத்தட்டுகளை வெள்ளிக்கிழமையில் வெளியிடுவது வழக்கமாயிற்று. ஆகவே, நம் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை காலையில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு பல் துலக்குவதற்கும் ஒரு காரணம் உண்டு!

குழுக்கள் நடந்துகொள்ளும் முறையும் அறியத்தக்கது. முதலில் ஒற்றைப் பாட்டு ஒன்று வரும். அதற்கு ஒரு வீடியோ வரும். அது பரவிய பின்னரே ஊர் ஊராகச் சென்று மேடை ஏறுவார்கள். செல்போனில் ஒருமுறை கேட்டால் பாடியவர்க்குக் கிடைப்பது மிகச் சிறு தொகை. அரங்கில் டிக்கெட் வாங்கிக் கேட்போரே அவர்களை வாழவைக்கிறார்கள். பழைய நாடகக் குழுக்கள் ஊர் ஊராய்ச் சென்று கொட்டகை போட்டுப் பிழைத்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

நாம் வாழும் இக்கேரள நாட்டிலே இவ்விசைக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களின் இறுதியில் கொச்சியில் தோன்றிய ‘13 ஏ.டி.’ என்னும் குழுவினர் ஆங்கிலத்திலேயே பாடினர். 1996இல் அதே கொச்சியில் ‘மதர்ஜேன்’ தோன்றியது. அதன் கிடார்க் கலைஞர் பைஜு தர்மஜன் கருநாடக இசையின் கமகங்களைக் கிடாரில் கொண்டுவந்தார். ஆயினும் சொற்கள் ஆங்கிலமே. பின்னர் வந்த ‘அவியல்’ என்னும் குழுவினர் மலையாளத்திலேயே ராக் பாடித் தம் பெயராலேயே 2008இல் ஒரு தொகுப்பை வெளியிட்டனர். 2013இல் கப்பா தொலைக்காட்சியின் ‘மியூசிக் மோஜோ’ நிகழ்ச்சி வழியே ‘தைக்குடம் பிரிட்ஜ்’ புகழ்பெற்றது. கொச்சியில் உள்ள ஓர் இடத்தின் பெயரையே அக்குழு தாங்கியிருக்கிறது. அதன் தலைவர்களுள் ஒருவரான கோவிந்த் வசந்தாதான் 2018இல் ‘96’ என்னும் தமிழ்ப் படத்துக்கு இசையமைத்தவர் என்றால், இங்குள்ள தாய்மார்கள் “அவரா!” என்று கேட்பார்கள். 2022 நவம்பரில் கோவளத்தை அடுத்த வெள்ளாறு கைவினைக் கிராமத்தில் இண்டி இசைக்கென்றே பன்னாட்டு விழா ஒன்று நடைபெற்றது.

இவ்வரலாற்றில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. இரவல் மொழியில் பாடத் தொடங்கியவர்கள் முப்பது ஆண்டுகளில் தாய்மொழிக்குத் திரும்பி வந்தார்கள். கிடார் மொழியை அழித்துவிடவில்லை. மொழிக்கு ஒரு புதிய வாகனமாயிற்று.

தமிழில் நிலை என்ன? இங்கே நம்மைப் போன்ற புலம்பெயர்ந்த மக்கள் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று இருக்கிறது. சினிமாவைச் சாராத மெல்லிசை தமிழகத்துக்கு வெளியேதான் முதலில் செழித்தது. இலங்கையில் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடினார், ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைக் கடல் கடந்து கொண்டுவந்தார். மலேசியாவில் யோகி பி-யும் நட்சத்திரா குழுவினரும் 2006இல் ‘வல்லவன்’ என்னும் ராப் தொகுப்பை வெளியிட்டனர். தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்த தமிழர் அயல்நாட்டுத் தாளத்தைத் தமிழுக்கு வசப்படுத்தித் தாயகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். ஆகவே, இவ்விசை நம்மவர்க்கு அயலானது என்பது வரலாற்றோடு பொருந்தாது.

தமிழகத்திலும் காலம் மாறியது. 2018 சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய குழு அது. சாதி பேதமற்ற தமிழர் என்று பண்டித அயோத்திதாசர் வழங்கிய சொல்லிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றாக்கினார்கள். அக்குழுவில் பாடியவர்களுள் ஒருவர் அறிவு. அரக்கோணத்துக்காரர், அவ்வூர்ச் சந்திப்பை இரயில்வேக்காரர் எவர்க்கும் அறிமுகம் செய்யவேண்டியதில்லை.

2021 மார்ச் 7ஆம் நாள் அறிவும் பாடகி தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளிவந்தது. நம் காலனியில் அப்பாட்டுக்கு ஆடாத குழந்தை இல்லை. ஆனால் அதன் பொருளை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் ஊர் திரும்பியவர். காடு திருத்தியவர்க்குக் காணி நிலம் இல்லாமற்போன கதையே அப்பாட்டு.

பெரியோர்களே! இது நம் வாசற்படிக் கதை. 1964 அக்டோபரில் சிறீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் எழுதினார்கள். எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974இல்தான் தீர்க்கப்பட்டது. நாமும் கணக்கெழுதிப் பிழைப்பவர்களே. ஆனால் மனிதரை இவ்வாறு பத்தியில் கூட்டிக் கழித்ததை எண்ணுந்தோறும் பேனா தயங்குகிறது. அவ்வாறு திரும்பியவர்களுக்கு வாழ்வளிக்கவென்றே 1976இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மறுவாழ்வு ரப்பர்த் தோட்ட நிறுவனம் அமைந்தது. வித்துராவிலிருந்து பாலோடு, மடத்தறை வழியே சென்றால் குளத்துப்புழை. அங்கே இம்மக்களைக் காணலாம். நம் தலைக்கு மேலே போனக்காட்டுத் தேயிலை மலை நிற்கிறது. அங்கே கொழுந்து பறித்த கைகளின் வாரிசுகள் இச்சபையிலேயே அமர்ந்திருக்கிறீர்கள்.

நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்குக் காது வழியே வந்த மொழி. காலனியில் ஒரு பெண்குழந்தை இப்பாட்டு முழுவதையும் நோட்டில் எழுதிவைத்திருந்தாள். நாம் வாங்கிப் பார்த்தோம். தமிழ்ச் சொற்கள் அத்தனையும் மலையாள எழுத்தில் இருந்தன! ஒருபுறம் நெஞ்சு கனத்தது. மறுபுறம், அக்குழந்தை தானாக விரும்பி இத்தனை தமிழ்ச் சொற்களை எழுதிய நோட்டு வேறு எது என்றும் எண்ணினோம். “இதைத் தமிழ் எழுத்தில் எழுதக் கற்றுத்தரட்டுமா, தாயி?” என்று கேட்டதும் இசைந்தாள். அரிச்சுவடியால் ஆகாதது பாட்டால் ஆகத் தொடங்கியது.

இனி, இப்பாட்டின் பின்கதையும் ஒரு பாடம். 2021 ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறவில்லை, பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பிய பின் அறிவுக்கென ஒரு மின்னிதழ் அட்டை வந்தது. 2022 சூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அறிவு இல்லாமலே அப்பாட்டு அரங்கேறியது. யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்னும் விவாதம் மூண்டது. 2024 மார்ச்சில், அப்பாட்டால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் கூறினார். எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புரைப்பது நம் வேலை அன்று. ஆனால் கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டிலேயே பெயரும் பணமும் யாருக்கு என்று வழக்கு வருமாயின், பெயரே எழுதாமல் பாடிச்சென்ற நம் ஆச்சிமாரின் பாட்டுக்குக் காவல் யார்?

நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டுப் பாட்டாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிமைப் பங்கு உறுதியாயிற்று. நல்லதே. ஆயினும் நாற்று நட்டபோதும் தொட்டில் ஆட்டியபோதும் பிணத்தைச் சுற்றி ஒப்பாரி வைத்தபோதும் பிறந்த பாட்டுக்கு ஆசிரியர் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை. அவற்றை அறிந்த ஆச்சிமார் நம் காலனியில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சியிருக்கிறார்கள். அவர்களோடு அவையும் போய்விடும். இதனைக் காட்டிலும் அவசரமான காரியம் நம் சங்கத்துக்கு வேறில்லை.

பெற்றோரின் அச்சத்தையும் நாம் புறக்கணிக்கவில்லை. 2023 நவம்பர் 25ஆம் நாள் கொச்சிப் பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கில் இசைநிகழ்ச்சி தொடங்குமுன் ஏற்பட்ட நெரிசலில் நான்கு இளம் உயிர்கள் போயின. அவ்வுயிர்களைப் பறித்தது பாட்டு அன்று. குறுகிய வாயிலும், இறங்குபடியும், ஒரே வேளையில் முண்டிய கூட்டமும். இரயில் நிலைய மேம்பாலத்தில் கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகுமென்று நமக்குத் தெரியும். ஆகையால் “போகாதே” என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், “வாயில் எத்தனை? யார் யாருடன் போகிறாய்? இரவில் நெடுமங்காடு வழியே திரும்ப வண்டி உண்டா?” என்று கேட்போம். தடுத்தால் ஒளிந்து போவார்கள். விசாரித்தால் சொல்லிவிட்டுப் போவார்கள். மதுவும் போதையும் பற்றிய கவலைக்கும் இதுவே முதல் மருந்து. பெரியவர் ஒருவர் உடன்சென்றால் இன்னும் நன்று.

இளைஞர்களே, உங்களுக்கும் இரண்டு சொல். ஒரு குழுவை விரும்பினால் அதன் பெயரை மட்டும் அறிவது போதாது. எழுதியவர் யார், மத்தளம் தட்டியவர் யார், எந்த ஊர் மெட்டு என்று தேடி அறியுங்கள். முடிந்தபோது டிக்கெட் வாங்கிக் கேளுங்கள். வெறும் அடிபிடி இரைச்சலைத் தமிழ் என்று பெயரிட்டு இம்மேடைக்குக் கொண்டுவராதீர்கள். உங்கள் பாட்டில் இம்மண்ணும் இம்மலையும் உங்கள் வீட்டுப் பேச்சும் இருக்கட்டும்.

முடிவாக, செயற்குழுவின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். ஒன்று: அடுத்த ஆண்டு விழாவில் இளைஞர்க்கு அரைமணி நேரம் ஒதுக்குக, ஆனால் அவர்கள் பாடும் பாட்டுகளில் ஒன்றேனும் காலனி ஆச்சி ஒருவரிடம் கேட்டு எழுதியதாக இருத்தல் வேண்டும். இரண்டு: அப்பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி, பாடிய ஆச்சியின் பெயர், பிறந்த ஊர், பதிந்த நாள் ஆகியவற்றோடு சங்கத்தில் ஒரு பேரேடு திறக்க வேண்டும். அதனைப் பராமரிக்கும் பொறுப்பை நாம் மகிழ்வுடன் ஏற்போம். பேரேடு எழுதுவது ஒன்றுதான் நாம் நன்கு கற்ற வித்தை. மூன்று: ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், பாட்டுகளைக் கொண்டே எழுத்தறிவிக்கும் வகுப்பு நடைபெற வேண்டும்.

செல்போனும் நம் வீட்டில் இருக்கிறது; ஆச்சியும் நம் வீட்டிலேயே இருக்கிறார். பேரன் அவர் அருகில் அமர்ந்து “ஆச்சி, இன்னொரு தடவை பாடுங்க” என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான் வேண்டுவது. அதற்கு இச்சங்கம் துணைநிற்குமாக.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!