கிதார் ஒலிப்பதிவில் வேண்டாத ஓசை



திருவனந்தபுரத்து வானொலி நிலையம் 1943ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசால் தொடங்கப்பெற்று, 1950இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. அந்நாளில் இசையைச் செம்மையாகப் பதிவு செய்ய விரும்பியவர் இத்தகைய ஒரு நிலையத்தை நாடித்தான் செல்ல வேண்டியிருந்தது. இன்றோ கழக்கூட்டத்தில் ஒரு வாடகை அறையில் வசிக்கும் இளைஞர், அலுவல் முடிந்து வந்தபின் தம் மின்கிதாரை மடிக்கணினியில் இணைத்து, நள்ளிரவிலும் பதிவு செய்துவிடுகிறார். இந்நகரில் தோன்றிய ‘அவியல்’ குழு 2008இல் வெளியிட்ட பாடல்களைக் கேட்டபின் கிதாரைக் கையில் எடுத்தோர் பலர் என்பது நம் எண்ணம்.

கலைப் பாடம் பயின்று, நாள்தோறும் அரசுச் சுற்றறிக்கைகளை மொழிபெயர்க்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். மாலை வேளைகளில் நாமும் கிதார் பழகுகிறோம்; அவ்வளவே.

முன்பெல்லாம் கிதாரின் ஒலி வால்வுகள் நிறைந்த பெருக்கிக்குள் சென்று, ஒலிபெருக்கிப் பெட்டி வழியே அதிர்ந்து வெளிவரும். அதனை மைக்கின் வாயிலாகப் பதிவு செய்வர். இப்பொழுது அப்பெருக்கியும் பெட்டியும் மைக்கும் செய்யும் பணி அனைத்தையும் ஒரு மென்பொருள் கணக்கிட்டே செய்துவிடுகிறது. இதில் ஒரு விந்தை உண்டு. மைக் இல்லாமையால் காக்கையின் கரைதலும், அடுத்த வீட்டுக் குக்கரின் சீழ்க்கையும் பதிவில் நுழைவதில்லை. ஆயின் காதுக்கே எட்டாத ஒன்று நுழைந்துவிடுகிறது. அதுவே ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம்.

இதன் பிறப்பிடம் கிதாரின் பிக்கப். காந்தத்தைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றுகளாக மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருப்பார்கள். தந்தி அதிர்ந்தால் அச்சுருளில் மின்னோட்டம் பிறக்கும். ஆனால் அச்சுருளுக்குத் தந்தி வேறு, சுவரினுள் ஓடும் மின்கம்பி வேறு என்று பகுத்தறியத் தெரியாது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அந்த 50உம், அதன் மடங்குகளாகிய 100, 150 முதலியனவும் சுருளில் ஏறிவிடுகின்றன. கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் 1955இல் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். தந்தியின் ஒலி கூடியது. ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. ‘ஹம்பக்கர்’ என்பது அதன் பெயர்.

மூலப்படியில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால், நூறு படி எடுக்கையில் நூறிலும் அது இருக்கும். மென்பொருளில் கரகரப்பான ஓசைக்காக ‘கெயின்’ திருகைக் கூட்டும்போது நிகழ்வதும் அதுவே. நுண்ணிய இரைச்சல் நூறு மடங்குக்கு மேலும் பெருகக்கூடும். உரத்த ஒலியோ ஓரளவுக்கு மேல் உயராது. ஆகவே இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் சுருங்கிவிடுகிறது. இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

முதலில் கிதாரை மடியில் வைத்து மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் ரீங்காரம் தணியுமாயின் அது காந்தப் புலத்தால் வருவது. கணினித் திரை, மின்மாற்றி, விசிறியின் ரெகுலேட்டர் ஆகியவற்றை விட்டு விலகி அமர்ந்தால் போதும். தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைந்தால், கிதாரின் உட்புறத்தில் செம்புத் தகடு ஒட்டிக் காப்பிடுவது பயன் தரும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியவுடன் ஓசை மறைந்தால் குற்றம் மின்னிணைப்பினுடையது. மின்தடை நேரத்தில் இயங்கும் மலிவான இன்வெர்ட்டர்கள் சீரான அலைக்குப் பதிலாகச் சதுர அலையையே தருவன; அவ்வேளையில் பதிவு செய்தால் ரீங்காரத்தோடு ஒரு வண்டின் இரைச்சலும் சேரும்.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணினியும் ஒலிபெருக்கிகளும் வெவ்வேறு இடங்களில் எர்த் இணைப்புப் பெற்றிருந்தால் இரண்டுக்கும் இடையே ஒரு சுழல் உண்டாகி ரீங்காரம் எழும். மூன்று முள் பிளக்கில் உள்ள எர்த் முள்ளை நீக்கிவிட்டால் ஓசை போய்விடும் என்று நண்பர் சொல்ல, அவ்வாறே செய்வோர் உளர். ஓசை போகும் என்பது மெய்தான். ஆயினும் கிதாரின் தந்திகள் அந்த எர்த்துடனேயே பிணைக்கப்பட்டவை. ஏதேனும் ஒரு கருவியில் மின்கசிவு நேர்ந்தால், மண்ணுக்குச் செல்ல வேண்டிய மின்சாரம் வாசிப்பவர் உடல் வழியே செல்லும். 1972இல் பிரிட்டனின் சுவான்சி நகர மேடையில், ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்ட கணத்தில் மாண்டார். எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து இணைத்தால் அச்சுழல் பெரும்பாலும் அகலும். அதற்கும் அடங்காவிடில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. முள்ளில் கை வைக்க வேண்டாம்.

எஞ்சும் சிறு இரைச்சலுக்கு மென்பொருளில் ‘நாய்ஸ் கேட்’ என்றொரு கதவு இருக்கிறது. ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அது மூடிக்கொள்ளும். அதனைப் பெருக்கிக்கு முன்னே வைக்க வேண்டும்; இசையும் இரைச்சலும் அங்கேதான் நன்கு விலகி நிற்கின்றன. மேலைநாட்டு வேகத் தாளங்களுக்கு இக்கதவு பொருந்தும். நம் இசைக்கோ எச்சரிக்கை தேவை. மின் மாண்டலினில் யு. ஸ்ரீநிவாசும், கிதாரில் ஆர். பிரசன்னாவும் கமகங்களை எழுப்பிக் காட்டியவர்கள். அவ்வழியில் வாசிக்கும்போது, ஒரு சுரம் அசைந்து அசைந்து அடங்கும் கார்வையின் நடுவே கதவு பட்டென்று மூடினால் எஞ்சுவது வெட்டுண்ட ஓர் ஒலித்துண்டே. அதைவிடச் சிறிது இரைச்சல் இருந்துவிட்டுப் போகலாம்.

கதவின் எல்லையை மிகத் தாழ்வாக வையுங்கள். அது மெல்ல மூடுமாறு அமையுங்கள். வாசிப்பு முடிந்தபின், சுரமே இல்லாத இடங்களைத் திரையில் பார்த்துக் கையாலேயே வெட்டி எடுங்கள். ஐந்து நிமிடப் பாடலுக்கு அரை மணி நேரம் ஆகும்.